ஒட்சிசன் பற்றாக்குறையும் வாய்ப் புற்றுநோயின் பரவலும்

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோயாகும். உடலின் ஆழத்தில் மறைந்திருந்து எவரும் அறியாமல் வளரும் நோயல்ல இது. கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்தால் நோயாளி தாமே காணக்கூடிய இடத்தில், நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஈறிலோ தோன்றுவது. அவ்வாறிருந்தும் மஹரகம, கண்டி, தெல்லிப்பழை, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளை நாடி வருவோரில் கணிசமானோர், நோய் முற்றிய பின்னரே வந்து சேர்கின்றனர் என்பது வேதனைக்குரியது.

நோய் முற்றுதல் என்பதன் பொருள் யாது? கன்னத்திலுள்ள புண் பெரிதாவது மட்டும் அன்று. அங்கிருந்து புறப்பட்ட கலங்கள் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில் குடியேறிவிட்டன என்பதே அதன் பொருளாகும். அவ்வாறு ஒரு கணுவிலேனும் புற்றுநோய் காணப்படுமாயின், நோயாளி ஐந்தாண்டுகள் உயிர் வாழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி கட்டி எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அதன் கலங்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டனவா என்பதேயாகும்.

தோன்றிய இடத்தில் நிலைகொண்டிருக்க வேண்டிய ஒரு கலம் ஏன் அங்கிருந்து புறப்படுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு விடை மாத்திரம் இல்லை. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்த விடைகளுள் மிக முக்கியமானது ஒட்சிசன் பற்றாக்குறையாகும். நாம் பிராணவாயு என அழைக்கும் அதே ஒட்சிசன் குறைந்துபோகும்போது, புற்றுநோய்க் கலங்களிற் பல மடிகின்றன. ஆனால் எஞ்சியவை மேலும் மூர்க்கம் பெற்று, வேற்றிடம் தேடிப் புறப்படுகின்றன. பஞ்சம் வந்தால் ஊரார் இடம்பெயர்வதைப் போன்றதே இது எனலாம்.

காற்று வந்து போகும் வாசலில் ஏன் பஞ்சம்?

வாய் என்பது மூச்சு வந்து போகும் வழியன்றோ, அங்கே ஒட்சிசனுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும் என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடும். இதில் ஒரு தெளிவு வேண்டும். வாயினுள் உள்ள இழையங்கள் தமக்கு வேண்டிய ஒட்சிசனை, வாயின் வழியே செல்லும் காற்றிலிருந்து பெறுவதில்லை. உடலின் ஏனைய பாகங்களைப் போலவே குருதியின் மூலமே பெறுகின்றன. மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து வெளியேறும் ஒட்சிசன், அருகிலுள்ள கலங்களை நோக்கிக் கசிந்து செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு கலமும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் அது வெகுதூரம் செல்வதில்லை. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் பத்தில் இரண்டு பங்கு. அதுவே அதன் எல்லை.

சாதாரண இழையத்தில் இதனால் இடர் ஏதுமில்லை. எந்தக் கலமும் ஒரு குருதிக் குழாயிலிருந்து அத்தூரத்துக்கு அப்பால் இருப்பதில்லை. புற்றுநோய்க் கட்டியின் நிலை வேறு. அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. குருதிக் குழாய்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. திட்டமிடாமல் பெருகிய ஒரு நகரின் உட்புறத்துக்குக் குடிநீர்க் குழாய் சென்று சேராததைப் போல, கட்டியின் உட்பகுதிகளுக்கு ஒட்சிசன் சென்று சேர்வதில்லை.

இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர்கள் தொம்லின்சன், கிரே ஆகிய இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் ஆவர். நுரையீரற் புற்றுநோய்க் கட்டிகளின் வெட்டுமுகங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்த அவர்கள், குருதிக் குழாயிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பாலுள்ள கலங்கள் இறந்துகிடப்பதையும், அத்தூரம் ஒட்சிசன் செல்லக்கூடிய தூரத்துடன் பொருந்துவதையும் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். இறந்த கலங்களுக்கும் நலமாக வாழும் கலங்களுக்கும் இடையே, இறந்தும் இறவாமலும் மூச்சுத் திணறும் கலங்களின் வலயம் ஒன்று உண்டு. ஆபத்து அங்கேதான் கருக்கொள்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு 21 சதவீதம். உடலின் பெரும்பாலான இழையங்களில் அது சில சதவீதமாகவே இருக்கும். அதுவே அவற்றுக்குப் போதுமானது. வாய், தொண்டை ஆகிய பகுதிகளில் தோன்றும் புற்றுநோய்க் கட்டிகளின் உட்புறத்திலோ அது பல இடங்களில் ஒரு சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது. அத்தோடு கட்டியினுள் உருவாகும் புதிய குருதிக் குழாய்கள் கோணலும் மாணலுமாக, ஒழுக்குடையனவாக, இடையிடையே அடைபடுவனவாக இருப்பதால், ஒரே இடத்தில் ஒட்சிசன் சிறிது நேரம் வருவதும் சிறிது நேரம் நிற்பதுமாக நிலைமை ஊசலாடுகிறது.

கலம் எவ்வாறு அறிகிறது?

ஒட்சிசன் குறைந்துவிட்டது என்பதை மூளையோ நரம்போ இல்லாத ஒரு தனிக் கலம் எப்படி அறிந்துகொள்கிறது? இவ்வினாவுக்கு விடை கண்டமைக்காகவே 2019ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அமெரிக்கர்களான கிரெக் செமென்சா, வில்லியம் கேலின் ஆகியோருக்கும் பிரித்தானியரான பீற்றர் ரற்கிளிவ்வுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வாய்வு புற்றுநோயிலிருந்து தொடங்கியதன்று. ஒட்சிசன் குறையும்போது சிறுநீரகம் எரித்திரோபொயட்டின் என்னும் ஹோர்மோனைச் சுரந்து செங்குருதிக் கலங்களின் உற்பத்தியைத் தூண்டும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அந்த ஹோர்மோனுக்குரிய பரம்பரை அலகை இயக்கும் விசை எதுவென 1990களில் தேடிய செமென்சா, எச்.ஐ.எப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். இதனை ஒட்சிசன் குறைவுக் காரணி எனத் தமிழில் கூறலாம்.

இப்புரதத்தின் செயற்பாடு வியப்புக்குரியது. ஒட்சிசன் போதியளவு உள்ளபோதும் கலம் இதன் முக்கிய பாகத்தை இடைவிடாது உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது உருவான சில நிமிடங்களிலேயே அழிக்கப்பட்டுவிடுகிறது. ஒட்சிசனைப் பயன்படுத்தி இயங்கும் நொதியங்கள் அதன்மீது ஓர் அடையாளத்தை இடுகின்றன. வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு அதனைப் பற்றிப்பிடித்து, கலத்தின் கழிவழிப்பு இயந்திரத்திடம் ஒப்படைக்கிறது. ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் இடும் நொதியங்கள் செயலிழக்கின்றன. அடையாளம் இல்லாததால் எச்.ஐ.எப். அழிக்கப்படுவதில்லை. அது கலத்தின் கருவுக்குள் புகுந்து, தன் துணைப் புரதத்துடன் இணைந்து, நூற்றுக்கணக்கான பரம்பரை அலகுகளை இயக்கி விடுகிறது.

இது தீயதொரு பொறிமுறை அல்ல என்பதையும் இங்கு வலியுறுத்த வேண்டும். கருவிலுள்ள சிசு வளர்வதற்கும், மலை உச்சிகளில் மனிதர் வாழ்வதற்கும், கடும் உழைப்பின்போது தசைகள் தாக்குப்பிடிப்பதற்கும் இதுவே துணைநிற்கிறது. உயிரைக் காக்கவென அமைந்த இந்த ஏற்பாட்டைப் புற்றுநோய் தனக்காகக் கவர்ந்துகொள்வதே பிரச்சினையாகும்.

இடம்பெயர்வின் படிகள்

எச்.ஐ.எப். புரதம் நிலைபெற்ற வாய்ப் புற்றுநோய்க் கலத்தில் மாற்றங்கள் பல நிகழ்கின்றன. முதலாவது மாற்றம் உணவு தொடர்பானது. ஒட்சிசன் இன்றியே குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறும் வழிக்குக் கலம் மாறுகிறது. அதன் விளைவாகப் பெருமளவு இலக்டிக் அமிலம் வெளியேற்றப்படுகிறது. சூழலில் அமிலத்தன்மை கூடும்போது அயலிலுள்ள சாதாரண கலங்கள் நலிவடைய, அதற்குப் பழக்கப்பட்ட புற்றுநோய்க் கலங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாவது மாற்றம் குருதிக் குழாய்கள் தொடர்பானது. புதிய குழாய்களை வளரத் தூண்டும் புரதங்களைக் கலம் சுரக்கிறது. கட்டிகள் வளர்வதற்குப் புதிய குருதிக் குழாய்கள் அவசியம் என்ற கருத்தை அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் யூதா போக்மன் 1971ஆம் ஆண்டிலேயே முன்வைத்திருந்தார். இக்குழாய்கள் கட்டிக்கு உணவு கொண்டுவருவதோடு, கட்டியிலிருந்து கலங்கள் வெளியேறுவதற்கான பாதைகளாகவும் அமைகின்றன. குருதிக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களை வளர்க்கும் புரதங்களும் உள்ளன. வாய்ப் புற்றுநோய் முதலில் கழுத்துக் கணுக்களைச் சென்றடைவது இந்த நிணநீர்ப் பாதை வழியாகவே என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மாற்றமே பரவலின் மையமானது. வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மேலணிக் கலங்கள், சுவரிலுள்ள செங்கற்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. ஈ-கட்ஹெரின் என்னும் புரதம் அவற்றுக்கிடையே சாந்து போலச் செயற்படுகிறது. ஒட்சிசன் குறைவினால் தூண்டப்படும் ட்விஸ்ட், ஸ்னெயில் போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் இந்தச் சாந்தின் உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. பிடி தளர்ந்த கலம் தன் உருவத்தையும் மாற்றிக்கொண்டு, நீண்டு மெலிந்து, ஊர்ந்து செல்லும் ஆற்றலைப் பெறுகிறது. எச்.ஐ.எப். புரதம் ட்விஸ்ட்டை நேரடியாகவே இயக்குகிறது என்பதைத் தாய்வான் ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்க் கலங்களைக் கொண்டு 2008ஆம் ஆண்டு நிறுவினர்.

நான்காவதாக, பாதை வெட்டப்படுகிறது. கலங்களைச் சூழ்ந்துள்ள நார்ப்பொருளைக் கரைக்கும் நொதியங்கள் ஒருபுறம் வெளியேற்றப்படுகின்றன. மறுபுறம் லைசில் ஒக்சிடேஸ் என்னும் நொதியம் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. இறுகிய நார்கள் கலங்கள் ஊர்ந்து செல்வதற்கான தண்டவாளங்களாகின்றன. ஒட்சிசன் குறைவினால் ஏற்படும் பரவலுக்கு இந்நொதியம் இன்றியமையாதது என்பதை 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மார்பகப் புற்றுநோயாளர்களிலும் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களிலும் இதன் அளவு கூடியிருந்தால் நோயின் முடிவு மோசமாக அமைவதையும் அவ்வாய்வு கண்டது.

இவற்றுக்கு அப்பால் மற்றொரு விளைவும் உண்டு. சேதமடைந்த கலங்களைத் தற்கொலைக்குத் தூண்டி அகற்றும் காவற்காரனாக உடலில் பி-53 என்னும் புரதம் இயங்குகிறது. ஒட்சிசன் அற்ற சூழலில் இக்காவல் சரியாக இயங்கும் கலங்கள் மடிய, காவல் பழுதடைந்த கலங்கள் பிழைத்துக்கொள்கின்றன என்று 1996ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆகவே ஒட்சிசன் பஞ்சம் கலங்களை மாற்றுவது மட்டுமல்ல. மிகக் கொடியவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கவும் செய்கிறது. உடலின் நிர்ப்பீடனக் கலங்களும் இத்தகைய அமிலச் சூழலில் சோர்ந்துவிடுவதால், புறப்பட்ட கலங்களைத் தடுப்பாரும் இல்லாமற்போகின்றனர்.

வெற்றிலையும் பாக்கும்

இதுவரை கூறியவை உலகெங்கிலும் உள்ள வாய்ப் புற்றுநோய்களுக்குப் பொதுவானவை. எமது நாட்டுக்கும் தென்னாசியாவுக்கும் உரித்தான மற்றொரு பக்கம் இதற்கு உண்டு. அதுவே பாக்கு.

வெற்றிலை போடுவதால் வரும் தீங்கு புகையிலையால் மட்டுமே வருகிறது, புகையிலை சேர்க்காவிட்டால் பாதகமில்லை என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னமும் நிலவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழியங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு புற்றுநோயை உண்டாக்கும் என 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் பாக்கு தனித்தும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என அது உறுதிப்படுத்தியது. பாக்கு இயற்கையானது, எமது மூதாதையர் பயன்படுத்தியது என்பது அதன் தன்மையை மாற்றிவிடாது.

நெடுங்காலம் பாக்கு மெல்லுவோர் சிலரில் வாயின் உட்புறம் வெளிறி, விறைத்து, வாயைத் திறக்க முடியாத நிலை ஏற்படுவதைப் பல் வைத்தியர்கள் நன்கறிவர். காரமான உணவை நாவில் வைக்க முடியாத எரிவு இதன் தொடக்க அறிகுறியாகும். நாளடைவில் இரு விரல்கள் நுழையுமளவுக்குக்கூட வாய் திறவாது. சீதமென்சவ்வின் அடியில் கொலாஜன் நார்கள் அளவுக்கு மீறிப் படிவதே இதற்குக் காரணம். பாக்கிலுள்ள அரிகொலின் போன்ற பொருட்கள் நார்களை உற்பத்தி செய்யும் கலங்களைத் தூண்டுகின்றன. பாக்கில் செறிந்துள்ள செப்பு, மேலே குறிப்பிட்ட அதே லைசில் ஒக்சிடேஸ் நொதியத்தின் செயற்பாட்டைக் கூட்டுகிறது. நார்கள் இறுகும்போது நுண்ணிய குருதிக் குழாய்கள் நசுங்குகின்றன, அருகுகின்றன. அதாவது, கட்டி ஒன்று தோன்றுவதற்கு முன்னரே அங்கே ஒட்சிசன் தட்டுப்பாட்டுக்கான களம் அமைந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் டபிள்யூ. எம். திலகரத்னவும் பிரித்தானிய ஆய்வாளர்களும் இணைந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, இந்நோயுள்ள இழையங்களில் எச்.ஐ.எப். புரதம் மிகுந்து காணப்படுவதையும், இந்நிலை புற்றுநோயாக மாறுவதில் அதற்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டியது. உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெறும் இவ்விடயத்தில் எமது நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பங்களிப்பு இருப்பது பெருமைக்குரியது. அந்த ஆய்வுக்கு வேண்டிய நோயாளிகளுக்கு இங்கு பஞ்சமில்லை என்பது அதன் மறுபக்கமாகும்.

சிகிச்சையில் எழும் சிக்கல்

ஒட்சிசன் குறைவு, பரவலைத் தூண்டுவதோடு நின்றுவிடுவதில்லை. சிகிச்சைக்கும் முட்டுக்கட்டையாகிறது. கதிர்ச் சிகிச்சையின்போது கலத்தினுள் ஏற்படும் சேதத்தை நிரந்தரமாக்குவதற்கு ஒட்சிசன் தேவை. ஒட்சிசன் அற்ற கலத்தைக் கொல்வதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருக்கும் என்பது 1950களிலிருந்தே அறியப்பட்டதாகும். இரசாயன சிகிச்சை மருந்துகளும் குருதி வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், குருதி சென்றடையாத இடங்களை அவையும் உரிய அளவில் சென்றடைவதில்லை.

அவ்வாறாயின் ஒட்சிசனைக் கூட்டினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அறிவியலாளரும் அவ்வாறே எண்ணினர். ஒட்சிசன் போலச் செயற்பட்டுக் கதிர்ச் சிகிச்சையின் பலனைக் கூட்டும் நிமொரசோல் என்னும் மருந்தை டென்மார்க் வைத்தியர்கள் தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளர்களிடம் பரிசோதித்து, பலன் கிடைத்ததாக 1998ஆம் ஆண்டு அறிவித்தனர். ஆயினும் பின்னாளில் பிரித்தானியாவில் நடைபெற்ற ஆய்வு அதே பலனைக் காட்டவில்லை. குருதிச்சோகையுள்ள தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களுக்கு எரித்திரோபொயட்டின் ஏற்றி ஈமோகுளோபினைக் கூட்டிய ஐரோப்பிய ஆய்வின் முடிவு இன்னும் பெரிய பாடத்தைப் புகட்டியது. 2003ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவின்படி, ஈமோகுளோபின் கூடியது. நோயாளிகளின் நிலையோ மோசமடைந்தது. அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒவ்வொன்றும் நோயாளிக்கு நன்மை தருவதில்லை என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டியதில்லை.

எச்.ஐ.எப். புரதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைத் தடுக்கும் மாத்திரை 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் அது சிறுநீரகப் புற்றுநோய் முதலானவற்றுக்கே உரியது. வாய்ப் புற்றுநோய்க்கான மருந்தன்று.

அதேவேளை, நோயாளி தாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. புகையிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு, குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமில்லாமற் செய்கிறது. கதிர்ச் சிகிச்சை பெறும் காலத்தில் தொடர்ந்து புகைத்த தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களில் சிகிச்சையின் பலன் குறைந்திருந்ததாகக் கனடாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு 1993ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியது. நோய் வந்த பின்னர் நிறுத்தி என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவே பதிலாகும்.

இரு தவறான நம்பிக்கைகள்

இத்தகைய அறிவியற் செய்திகள் மக்களிடம் சென்றடையும்போது திரிபடைவதும் உண்டு. புற்றுநோய்க்கு ஒட்சிசன் ஆகாது என்ற அரைகுறைக் கூற்றைக் கொண்டு ஒட்சிசன் கலந்த நீர் என்றும், சிறப்பு மூச்சுப் பயிற்சி என்றும் விற்பனை செய்வோர் உளர். நலமுள்ளவர் ஒருவரின் குருதியில் ஈமோகுளோபின் ஏற்கனவே ஏறத்தாழ முழுமையாக ஒட்சிசன் ஏற்றப்பட்ட நிலையிலேயே உள்ளது. தட்டுப்பாடு குருதியில் அல்ல, குருதி சென்று சேராத கட்டியின் உட்புறத்திலேயே. குடிக்கும் நீராலோ ஆழ மூச்செடுப்பதாலோ அத்தட்டுப்பாடு தீராது. மூச்சுப் பயிற்சி மனதுக்கு அமைதி தரலாம். அது சிகிச்சைக்கு மாற்றாகாது.

இதைவிடப் பாரதூரமானது, கத்தி பட்டால் புற்று பரவும் என்ற நம்பிக்கை. சந்தேகத்துக்குரிய புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என வைத்தியர் கூறியதும் வீடு திரும்பி, நாட்டு மருந்திலும் நேர்த்திக்கடனிலும் மாதங்களைக் கழித்துவிட்டு வருவோர் எமது எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கலங்களைப் புறப்படச் செய்வது வைத்தியரின் கத்தியன்று. கட்டி வளர வளர அதன் உட்புறத்தில் முற்றும் ஒட்சிசன் பஞ்சமே அவற்றைத் துரத்தும் பெருங்காரணிகளில் ஒன்றாகும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டி பெரிதாகிறது. பெரிதாகும் கட்டியில் பஞ்சம் கூடுகிறது. பஞ்சம் கூடினால் இடம்பெயர்வும் கூடுகிறது. பரவிவிடுமோ என்ற அச்சத்தினால் தாமதிப்பவர், அந்தப் பரவலுக்கே அவகாசம் அளிக்கிறார்.

செய்ய வேண்டியவை

மேற்கூறிய ஆய்வுகள் அனைத்தும் சாதாரண மனிதருக்குச் சொல்லும் செய்தி ஒன்றே. கட்டி சிறிதாக இருக்கையில், பஞ்சம் தொடங்குமுன் அதனை அகற்றிவிட வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வெளிச்சமும் கண்ணும் போதும். ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்யலாம் என்பதை 1984ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் மூலம் உலகுக்கு எடுத்துக்காட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. கேரளத்தில் மேற்கொள்ளப்பட்டு 2005ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான பாரிய ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே இத்தகைய எளிய பரிசோதனையால் வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தமை தெரியவந்தது.

இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள் ஆறாத புண், துடைத்தாலும் நீங்காத வெண்படலம், குறிப்பாகச் செந்நிறப் படலம், காரம் பட்டால் எரிவு, வாய் திறப்பதில் சிரமம், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் வலியற்ற வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும். இதற்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வலி இல்லை என்பதற்காகப் பொறுத்திருப்பது தவறு. ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

நாட் கூலியை இழந்து வைத்தியசாலைக்குச் செல்ல முடியாதவர்களின் நிலை வேறு. மலையகத் தோட்டங்களில் குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் மருந்தாக வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடி நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களிடமும், வயலிலும் கடலிலும் உழைப்போரிடமும், இரவு முழுவதும் விழித்திருக்க பாக்குப் பொட்டலத்தை நாடும் சாரதிகளிடமும் அறிவுரை மட்டும் கூறுவது போதாது. பரிசோதனை அவர்களின் வேலைத்தலத்துக்கே செல்ல வேண்டும். தோட்ட நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள், மீனவர் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியன பல் வைத்தியர்களுடன் இணைந்து ஆண்டுக்கொரு முறையேனும் இதனை ஒழுங்கு செய்வது இயலாத காரியமன்று.

புகையற்ற புகையிலை உற்பத்திகளின் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்யும் ஒழுங்குவிதிகள் 2016ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டன. ஆயினும் வடக்கிலே மாவா என்றும், ஏனைய இடங்களில் பாபுல் என்றும் பாக்குக் கலவைகள் பாடசாலை மாணவரின் கைகளை எட்டுவதாகச் செய்திகள் வந்த வண்ணமே உள்ளன. சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. பாக்கு குறித்த தெளிவான கொள்கையும் தேவைப்படுகிறது.

வெற்றிலைத் தட்டு எமது பண்பாட்டின் சின்னம் என்பதை மறுப்பதற்கில்லை. மங்கல நிகழ்வுக்கு அழைப்பதும், வந்தவரை உபசரிப்பதும் அதனைக் கொண்டே. தமிழர் இல்லங்களிலும் கிழக்கின் முஸ்லிம் இல்லங்களிலும் விருந்தினர் முன் வைக்கப்படும் வெற்றிலை வட்டா, உறவின் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. தட்டை வைத்து வரவேற்கும் பண்பு நிலைக்கட்டும். அதிலுள்ள பாக்கை வாயில் இடுவதே மரியாதை என்ற நிலை மாறட்டும். விருந்தினருக்கு நலம் விரும்புவதே உபசாரத்தின் நோக்கமெனில், அவரது கன்னத்தில் ஒரு புண் ஆறாமல் இருப்பதைக் கண்டு, நாளை காலையே வைத்தியரிடம் செல்லும்படி வற்புறுத்துவதும் அந்த உபசாரத்தின் பாற்பட்டதேயாகும்.